மோட்டார்காரரின் காது

1996 நவம்பரில் நான் எழுதிவைத்த குறிப்பு ஒன்று: “ஏரி நிரம்பிவிட்டது. மழைக்காகப் பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டுக் குழந்தை இரவெல்லாம் சத்தம். அழுகை அல்ல.”

கடைசி இரண்டு சொற்களின் கீழே கோடு போட்டிருக்கிறேன். மழையையும் ஏரியையும் விடுமுறைகளையும் எழுதிவைப்பது என் பழக்கம். அக்கம்பக்கத்து ஆள்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. அன்று கோடு போடும் அளவுக்குக் கோபம் இருந்திருக்கிறது. குழந்தைமேல் இல்லை. அது தூக்கத்தில் முனகும்போதெல்லாம் விளக்கைப் போட்டு அதைத் தூக்கி எழுப்பிய அதன் தகப்பன்மேல்.

அவரை ஊரில் எல்லோரும் மோட்டார்காரர் என்றார்கள். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் அவரைத் தேடித்தான் ஆள் வரும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். நான் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஒரே ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் அவரும் அவர் மனைவி பவுனுவும், மறுபாதியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் வெளி. அவர்கள் விளக்குப் போட்டால் எங்கள் ஓடும் வெளிச்சமாகும். அவர்கள் வீட்டில் தம்ளர் உருண்டால் நாங்கள் குனிந்து தேடுவோம்.

அவர் மோட்டார் பார்க்கும் விதத்தை வயல் வழியே போகும்போது பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்ததும் எதுவும் கேட்க மாட்டார். ஓட விடச் சொல்வார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை மோட்டார் உடம்பில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நிலத்துக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இடது கை மேலே எழும். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் சொல்வார்: “பின்னாடி பேரிங் பேசுது.”

மோட்டாரில் எதுவும் அவருக்குச் சத்தம் போடாது, பேசும். புஷ் இருமும். ஃபுட் வால்வு பெருமூச்சு விடும். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் இருக்கும். ‘பெரும்பாலும்’ என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தப்பிப்போன தடவைகளை ஊர் கணக்கில் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

எங்கள் வீட்டு மின்விசிறி வேகமாகச் சுற்றும்போது ‘டிக்’ என்று ஒரு சின்ன ஓசை எழும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்தபோது விசிறி தரையில், பழைய துணிமேல், திருகு திருகாகப் பிரிந்து கிடந்தது. மோட்டார்காரர் அதன் முன் குந்தியிருந்தார், என் வீட்டுக்காரர் ஓரமாக நின்று அசடு வழிந்தார்.

“இன்னாங்க இது?” என்றேன்.

“இதுக்கு அடியில எப்படித்தான் தூங்குறீங்களோ டீச்சரம்மா. எனக்கு அந்தாண்ட பக்கம் தூக்கமே வர்ல.”

“ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?”

“ஓடும், ஓடும். ஒரு நாளு தலமேல வந்து வுழும்.”

மாட்டிய பிறகு ‘டிக்’ போய்விட்டது. அதற்குப் பதிலாக ஓர் உறுமல் வந்தது. உறுமலுக்காக மறுபடி கழற்றினார். உறுமல் போய் இறக்கை ஆடத் தொடங்கியது. அந்தக் கோடை முடிவதற்குள் புது விசிறி வாங்கினோம். அவருக்கு அதில் வருத்தமில்லை. “அப்பவே சொன்னேன் இல்ல, அதுல கோளாறு கீதுன்னு” என்றார்.

இன்னொரு தடவை காஞ்சிபுரம் போகும் பேருந்தில் அவரும் இருந்தார். பாதி வழியில் எழுந்துபோய் ஓட்டுநரின் தோளைத் தொட்டு, “அண்ணே, கீழ்ல இருந்து ஒரு சத்தம் வருது. நிறுத்திப் பாரு” என்றார்.

“வண்டின்னா சத்தம் வராம பாட்டா வரும்? போய் ஒக்காருய்யா.”

“இது வேற சத்தம். அச்சு முறிஞ்சா அத்தினி பேரும் போவோம்.”

“உனுக்கு பயமா இருந்தா நீ எறங்கிக்க. மத்தவங்கள பேஜார் பண்ணாத.”

அவர் இறங்கிவிட்டார். மதிய வெயிலில், நிழல் இல்லாத சாலையில். பேருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. அதே பேருந்து அதே தடத்தில் மறு ஆண்டும் ஓடியதை நான் கவனித்து அவரிடம் சொன்னேன். “ஓடுது. எத்தினி நாளுக்கு?” என்றார். அவர் கேட்ட சத்தம் பொய்யாகிவிட வழியே இல்லை. நடந்தால் அவர் சொன்னது நடந்தது, நடக்காவிட்டால் இன்னும் நடக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, கோயில் கோயிலாகப் போய்வந்த பிறகு, பவுனு உண்டானாள்.

பவுனு தென்னேரிக்காரி. தாய் தகப்பன் இல்லை, அண்ணன் ஒருவர்தான். ஒல்லியாக, நிறையப் பேசுகிற, எதற்கும் சிரிக்கிற பெண். ஏழாம் மாதத்தில் வளைகாப்புச் செய்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அந்த ஓசை வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் போடுவது, பிரசவம் வரை கழற்றக் கூடாது. வளைகாப்பு முடிந்த சில நாளில் அவளைக் குழாயடியில் பார்த்தேன். வளையல் அடுக்கின் இடையே வெள்ளை நூலை விட்டு இறுக்கிச் சுற்றியிருந்தாள். கையை அசைத்தால் ஓசையே இல்லை.

“இது என்ன பவுனு புதுசா?”

“அவருதான் டீச்சர். ராத்திரியில வவுத்துல காது வெச்சி கேக்குறாரு. வளையல் சலசலன்னா உள்ள கீறது கேக்க மாட்டேங்குதாம்.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “என் வவுத்த மோட்டார் கொட்டா ஆக்கிட்டாரு.”

குழாயடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு ஆசையாக இருப்பது எங்கள் தெருவுக்குப் புதுசு.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கப்படி தென்னேரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாதம் நாள் பார்த்துச் சீரோடு கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. ஆனால் முதல் மாதம் முடியுமுன்பே இவர் போய் அழைத்து வந்துவிட்டார். குழந்தையைப் பார்க்கப் போனவர் ஓர் இரவு அங்கே தங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அண்ணன் வாசலில் நின்று சொன்னதைப் பவுனு பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

“மூணு மாசம் ஆவாம தாண்டக் கூடாது மாப்ள. நாளு கீளு பாக்க வேணாமா?”

“நாளு பாத்துக்கினு இருந்தா கொயந்த இன்னாவறது? ராத்திரி பூரா கத்துது, இந்த வூட்ல ஒருத்தர் ஏந்திரிச்சிப் பாக்கல.”

“எங்க கத்துச்சி? தூக்கத்துல மொனகுச்சி. எம்புள்ளைங்களும் அப்படித்தான் மொனகுச்சிங்க. தோ, ஏரு ஓட்டிக்கினு கீறானுங்க.”

“உங்க காதுக்கு அவ்ளோதான் கேக்கும்.”

அண்ணன் வாசலை விட்டு விலகிக்கொண்டார். தங்கையிடம் மட்டும், “வழக்கத்த மீறிப் போற. நாளைக்கி ஒண்ணுன்னா இந்த வாசல்ல வந்து நிக்காத” என்றாராம்.

பச்சைக் குழந்தை தூக்கத்தில் செய்யும் சத்தத்தை, கேட்காதவர்களுக்கு எழுதிக் காட்டுவது சிரமம். கன்று மடியை முட்டுவது போல ஒன்று. எண்ணெய் காணாத கதவு போல ஒன்று. வயதானவர் தொண்டையைச் செருமுவது போல, மழைக்காலத் தேரை போல, புறா போல. முகம் சிவந்து, உடம்பை முறுக்கி, ஏதோ மூட்டையைத் தூக்குவது போல முக்கும். மூச்சு சற்று நின்ற மாதிரி இருக்கும், அடுத்து வேகவேகமாக வரும். இத்தனைக்கும் கண் மூடியே இருக்கும். என் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் தூங்கினார்கள். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர்களின் குறட்டைக்கு நடுவே அது யாருக்கும் கேட்கவில்லை.

சுவருக்கு அப்பால் நடப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. குழந்தை ஒரு தடவை முனகும். சுவிட்ச் ‘டக்’ என்னும். எங்கள் கூரை வெளுக்கும். அவர் குழந்தையைத் தூக்குவார். ஓர் எவர்சில்வர் தம்ளரின் வாயை அதன் நெஞ்சில் வைத்து, அடியில் தன் காதை வைப்பார் என்று பவுனு சொல்லியிருந்தாள். குளிர்ந்த உலோகம் பட்டதும் அதுவரை தூங்கிய குழந்தை விழித்து நிஜமாகவே அழும். பவுனு எழுந்து பால் கொடுப்பாள். தூங்கும். விளக்கு அணையும். திரும்ப ஒரு முனகல். திரும்ப ‘டக்’.

“இப்பத்தான தூங்குச்சி. ஏன் தூக்குனீங்க?”

“உனுக்கு கேக்கல?”

“கேட்டுக்கினுதான் கீறேன். அது தூங்குது.”

“தூங்குற சத்தமா இது? உள்ள எதுவோ ஒரசுது.”

அவர் ஒருநாளும் கத்தியதில்லை. மோட்டார் கொட்டாயில் பேசும் அதே தாழ்ந்த குரல். கத்தியிருந்தால் யாராவது போய்க் கேட்டிருப்பார்கள். தூளியின் கயிறு உத்தரத்தில் உரசுகிறது, குழந்தையின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று தூளியையும் அவிழ்த்துவிட்டார். குழந்தை பாயில், இருவருக்கும் நடுவில் கிடந்தது.

பவுனுவின் கண் உள்ளே போயிற்று. சோறு கருகும் வாடை பலநாள் வந்தது. அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள் கைப்பிடிமேல் தலை சாய்த்து நின்றபடி தூங்கியதைக் கண்டேன். எழுப்பியபோது, “கொயந்த தூங்குது டீச்சர். நானும் தூங்குவேன். அவருதான் தூங்க மாட்டேங்குறாரு” என்றாள்.

நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். என் பிள்ளைகளைச் சொன்னேன், புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “உங்க வூட்டு ஃபேனும் நல்லா கீதுன்னுதான் சொன்னீங்க” என்றார்.

கிராம நர்ஸ் குழந்தைக்கு எடை பார்க்க வந்தபோது நானும் இருந்தேன். வாய்த்துடுக்கான அம்மாள்.

“எடை ஏறுது, பால் குடிக்குது, ஒண்ணுக்குப் போவுது. இன்னாமே, கொயந்த கொழுகொழுன்னு கீது, நீ எலும்பாட்டம் கீற?”

“சத்தம், நர்சம்மா” என்றார் அவர்.

“மூக்கு ஓட்ட சின்னது, மூச்சு அப்படித்தான் வரும். முக்கும், நெளியும். கண்ண மூடிக்கினு இருந்தா தொடாதீங்க, அதுவா தூங்கிடும். ஒதடு நீலமானா, பால் குடிக்கலன்னா, தொவண்டு கெடந்தா தூக்கிக்கினு ஓடியாங்க. மத்ததுக்கு வேணாம்.”

“சத்தம் இல்லாம ஓடறதுதான் நல்ல மோட்டாரு.”

“அப்ப நீ வுடற குறட்டைக்கு உன்ன யாரு கழட்டிப் பாக்குறது?”

பவுனு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “நா தூங்குனாத்தான நர்சம்மா குறட்ட வுட” என்றார். அது உண்மைதான். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது. அவர் சோம்பேறியோ குடிகாரரோ இல்லை. தன் பிள்ளை செத்துவிடும் என்று ஒவ்வொரு முனகலிலும் நிஜமாகவே நம்பினார். அதனால்தான் அவரை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

பிறகு தொக்கம் எடுக்கப் போனார்கள். குழந்தையின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊதி எடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. வாலாஜாபாத் அருகில் ஓர் அம்மாள். ஊதி, வெற்றிலையில் வெள்ளையாக ஒரு துணுக்கைக் காட்டினாளாம். பால் கட்டி என்றாளாம். அன்று இரவும் குழந்தை முனகியது. “கொஞ்சந்தான் வந்துகீது. மிச்சம் உள்ள மாட்டிக்கினு கீது” என்று அடுத்த வாரமும் போனார்.

மார்கழி பிறந்த சமயத்தில் சத்தம் நின்றது.

எந்த இரவில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நானும் நன்றாகத் தூங்கிவிட்டேன். சத்தம் கேட்ட இரவுகளைக் குறித்துவைத்த நான், கேட்காத இரவுகளைக் குறிக்கவில்லை. கேட்காததை யார் குறிப்பார்கள்? பவுனுவைக் காலையில் வாசலில் கண்டேன். தலைவாரிப் பூ வைத்திருந்தாள்.

“கொயந்த நல்லா தூங்குது டீச்சர். நானும் தூங்கிட்டேன். வெளிச்சம் மூஞ்சில அடிச்சப்புறம்தான் முழிச்சேன். எத்தினி நாளாச்சி இப்படித் தூங்கி.”

அவர் வாசற்படியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பேரிங் கழுவிக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, ராத்திரி அந்தாண்ட எதனா கேட்டுதா?”

“இல்லையே.”

“கேக்காது. தொக்கம் முழுசா வந்துடுச்சி.”

பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிவிட்டு, அது ஓசையில்லாமல் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பவுனு குழந்தையோடு ஓடி வந்தாள். பால் கட்டி, ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

“டீச்சர், வாயில வெச்சா உறிய மாட்டேங்குது. கைய தூக்கி வுட்டா தொப்புன்னு வுழுது. பாருங்க, பாருங்களேன்.”

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். ஒரு சுளிப்பு, அவ்வளவுதான். பின்னாலேயே அவர் வந்தார். “நல்லாத்தான தூங்குது. தூங்குற கொயந்தைய ஏன் எழுப்புறா?” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். பார்வையை விலக்கிக்கொண்டார்.

அரிசி மில்லுக்கு மூட்டை ஏற்றிப்போகும் வண்டியை நிறுத்தி ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன மருந்து கொடுத்தீங்க?” என்றார்.

“ஒண்ணும் குடுக்கல, தாய்ப்பால்தான்” என்றாள் பவுனு.

டாக்டர் திரும்பக் கேட்டார். பவுனு அழுதுகொண்டே திரும்ப அதையே சொன்னாள். மோட்டார்காரர் கதவோரம் நின்றார். மூன்றாம் முறை டாக்டர் பவுனுவைப் பார்த்துக் கத்தினார்: “பொய் சொன்னா உன் குழந்தைதான் போகும்.” அதற்கும் பிறகுதான் கதவோரத்திலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் வந்தது.

“சளி மருந்து சார். தூக்கம் வர்றதுக்கு இன்னா குடுக்கலாம்னு மெடிக்கல்ல கேட்டு வாங்குனேன்.”

“எவ்வளவு?”

“பாலாடையில கொஞ்சம்.”

“எத்தனை நாளா?”

“நேத்து ஒரு வேளதான்.”

பவுனு அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. டாக்டருக்கு அவரைத் திட்ட நேரமில்லை, குழந்தையோடு உள்ளே போய்விட்டார்.

அன்று பகலும் இரவும் குழந்தை துவண்டுதான் கிடந்தது. அதன் மூச்சு வெளியே தெரியவே இல்லை. பவுனு தன் விரலை அதன் மூக்கருகே வைத்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன இட்லி அப்படியே காய்ந்தது. மறுநாள் வெயில் ஏறிய பிறகு குழந்தை உடம்பை முறுக்கியது. முகம் சிவந்தது. கதவு கிறீச்சிடுவது போல ஒரு முனகல், அடுத்து ஒரு கனைப்பு, ஒரு முக்கல். பவுனு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்கத்துக் கட்டில்காரி “இன்னாம்மா, இன்னா ஆச்சி?” என்று பதறி எழுந்தாள். “ஒண்ணுமில்லக்கா, சத்தம் போடுது. எம்பொண்ணு சத்தம் போடுது” என்றாள் பவுனு.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “பாத்தீங்களா டீச்சரம்மா? திரும்பவும் வந்துடுச்சி.”

பவுனு அதைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வந்து நிற்காதே என்று சொன்ன அண்ணன், சேதி கேட்டுத் தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பையை எடுத்துக்கொண்டு “ஏறு” என்றார், அவ்வளவுதான். அவள் அங்கிருந்தே தென்னேரிக்குப் போனாள். எங்கள் ஊரில் அவளுடைய புடவைகள் கொடியிலேயே கிடந்தன. இவர் இரண்டு மூன்று தடவை அழைக்கப் போனார். அண்ணன் வாசலில் நிற்க, அவள் உள்ளே இருந்தபடியே சொன்னாளாம்: “அவரு காதுக்கு எம்பொண்ண குடுக்க முடியாதுன்னு சொல்லு.”

ஊரில் அவருக்கு எதுவும் குறையவில்லை. மோட்டார் நின்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மூடிய கண்ணும் திருப்புளியும் எழும்பும் கையும் அப்படியே இருந்தன. கொட்டாயில் வேலை முடிந்து டீ குடிக்கும்போது யாராவது மெல்லப் பெண்டாட்டி பேச்சை எடுத்தால், “கொயந்தைக்கு நெஞ்சுல கோளாறு. அவங்க வூட்ல மறைக்கிறாங்க” என்பார். பேரிங் விஷயத்தில் தப்பாத மனிதர் சொல்வதாயிற்றே என்று நம்பியவர்கள் உண்டு. அந்தக் குழந்தைக்கு ஏதோ சீக்கு என்ற பேச்சு என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை வந்தது.

2000ஆம் ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகத் தென்னேரி போனபோது பவுனுவைப் பார்த்தேன். பேச்சு குறைந்திருந்தது. குழந்தை ஏரிக்கரையில் ஆடுகளைத் துரத்திக்கொண்டிருந்தது. நல்ல கால், நல்ல ஓட்டம். ஆனால் நான்காம் வயதில் இருந்த அது அப்போதுதான் ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தது. டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், காது நன்றாகக் கேட்கிறது என்றாராம். மருந்து விஷயத்தைச் சொன்னபோது, எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது, தெரிந்தாலும் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான் என்றாராம்.

“ஒரு நாளுன்னுதான அவரு சொன்னாரு டீச்சர்” என்றாள் பவுனு. “அப்படின்னா அதுக்கு முந்தி நா தூங்குனேனே, அந்த நாளெல்லாம் இன்னா? அது தானா தூங்குச்சா? நா பாட்டுக்கு பூ வெச்சிக்கினு சாமிய கும்புட்டுக்கினு இருந்தேன். எம்பொண்ணு பக்கத்துல அப்படிக் கெடந்துச்சா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

நான் கேட்டேன். சித்திரை வெயிலில் ஒரு கிணற்றோரம், பிரித்த மோட்டார் முன் குந்தியிருந்தார். பவுனு கேட்டாள் என்று சொல்லியே கேட்டேன். பழைய கிரீசைத் துணியால் வழித்தெடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிராமல் சொன்னார்:

“அவ தூங்குனா இல்ல? அத்த கேளுங்க டீச்சரம்மா. கண்ணாலம் கட்டி வந்ததுல இருந்து அவ அப்படித் தூங்கி நா பாத்ததே இல்ல.”

“அது பதில் இல்லீங்க. எத்தனை நாள் கொடுத்தீங்க?”

“சும்மா இருங்க” என்று இடது கையைத் தூக்கினார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வாங்க முடியவில்லை. மருந்துக் கடையில் விசாரித்தேன், எத்தனையோ பேர் வாங்குகிறார்கள் என்றார்கள். மருந்துச் சீசாவை அவர் எப்போதோ கழுவி மெஷின் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். 2004 ஐப்பசியில் அவர் இறந்தார். பவுனு வந்தாள், சடங்கு முடியும் வரை இருந்தாள், அழவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து, “கடைசி வரைக்கும் சொல்லல இல்ல?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

பெண் இப்போது எல்லோரையும் போலப் பேசுகிறாள் என்று தென்னேரியிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் நேரில் கேட்கவில்லை. மருந்து கொடுக்கப்பட்டது ஓர் இரவா, பவுனு நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் அத்தனையுமா என்பது உறுதிப்படவில்லை.